ஹாக்கன்ஸ்மித் வக்கீலின் முதல் ஜூரி

வெல்டன் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்துக்குள் நெடுஞ்சாலை வழியாக வருகிறவர்களை முதலில் வரவேற்பது சோளக்காடு. அடுத்தது லைல் ஹாக்கன்ஸ்மித்தின் முகம். விளம்பரப் பலகையில், மேசையை முஷ்டியால் குத்திக்கொண்டு நிற்பார். கீழே கொட்டை எழுத்தில் ‘கோர்ட்டில் சந்திப்போம்!’ என்று இருக்கும். அந்தப் பலகையைப் பார்த்துப் பயப்படாத காப்பீட்டுக் கம்பெனி சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்று பேச்சு. வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவரைப் பார்த்தவர்கள் உண்டு, பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டத்தில் பார்த்தவர்கள் உண்டு. தீர்ப்புச் சொல்ல ஊர்ஜனங்களிலிருந்து பொறுக்கி உட்காரவைக்கிற பன்னிரண்டு பேருக்கு, அதாவது ஜூரிக்கு, முன்னால் வாதாடிப் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை.

நான் அந்தக் கோர்ட்டில் சுருக்கெழுத்து இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். யார் வாயைத் திறந்தாலும் அதைத் தட்டிப் பதிவு செய்வேன். தும்மினால் மட்டும் தட்டமாட்டேன். எனக்கென்று அபிப்பிராயம் இருக்கக் கூடாது என்பது வேலை நிபந்தனை. எனவே கீழே வருவதில் அபிப்பிராயம் எதுவும் இல்லை, எரிச்சல் மட்டும்தான் இருக்கிறது.

லைல் சட்டக் கல்லூரியில் படித்தபோது பொய் வழக்கு, பொய் சாட்சி, பொய் ஜூரி வைத்து நடத்தும் போட்டிகளில் எல்லாக் கோப்பையும் அவருக்குத்தான். நிஜ வழக்கு வந்தால் இந்தப் பிள்ளை என்ன ஆவான் என்று பேராசிரியர்கள் வாய் பிளந்தார்களாம். நிஜ வழக்கும் வந்தது. ஜூரியைக் கூப்பிடுவதற்கு முதல் நாள் எதிர்த்தரப்பு இறங்கிவந்து சமாதானம் பேசி முடித்துக்கொண்டது. அடுத்த வழக்கு கோர்ட் படிக்கட்டில் முடிந்தது. அதற்கடுத்தது கழிப்பறையில், இரண்டு வக்கீல்களும் கை கழுவும்போதே முடிந்தது. இப்படியே தலை நரைத்துவிட்டது. ஒவ்வொரு வழக்குக்கும் ஜூரியை அழவைக்கும் முடிவுரை ஒன்றை எழுதி மனப்பாடம் செய்துவைப்பார். எதுவும் அரங்கேறவில்லை. சாப்பாட்டு மேசையில் மனைவி க்ளென்டாவுக்கு முன்னால் பேசிக் காட்டுவதோடு சரி. அந்த அம்மாள் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டுவிட்டு, எந்த வழக்கானாலும் ‘குற்றவாளிதான்’ என்று தீர்ப்புச் சொல்வாள்.

இது லைலின் குறை இல்லை. இந்த நாட்டில் வக்கீல் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. சாதாரண ஜனங்கள் மட்டும், வழக்கு என்றால் விசாரணை நடக்கும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருஷம் நீதிமன்றச் சிங்கங்கள் கழகம் லைலுக்கு வாழ்நாள் விருது கொடுத்தது. விருந்துக்கு நானும் போயிருந்தேன். கழகத் தலைவர் பிரெஸ்காட் வான்டிவர், மாட்டிறைச்சி வறுவல் ஒட்டிய வாயைத் துடைத்துவிட்டு எழுந்து பேசினார்.

“நண்பர்களே, உண்மையான சிங்கம் யாரு? யாரைப் பாத்து எதிரி நடுங்கி, விசாரணைக்கே வராம ஓடறானோ அவர்தான் சிங்கம்! ஜூரி முன்னாடி போய் நிக்கிற வக்கீல்னா என்ன அர்த்தம்? அவரைப் பாத்து யாரும் பயப்படலைன்னு அர்த்தம். நம்ம லைல் முப்பது வருஷத்துக்கு மேல ஒரு ஜூரியையும் பாத்ததில்ல. நான் நாப்பது வருஷமா பாத்ததில்ல. அதனாலதான் நான் தலைவர்!”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். லைலும் தட்டினார். அவர் முகம் சாவு வீட்டில் சிரிப்பதற்குக் கஷ்டப்படும் ஆளின் முகம்போல இருந்தது. பிறகு கண்ணாடிச் சிங்கத்தை வாங்கிக்கொண்டு, குறுக்கு விசாரணைக் கலை பற்றி ஒரு மணி நேரம் இளைய வக்கீல்களுக்கு வகுப்பெடுத்தார். அவர்கள் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் வெர்லின் ஸ்ப்ரேக் வந்து சேர்ந்தான்.

வெர்லின் ஏசி ரிப்பேர் செய்கிறவன். ஐம்பதைத் தாண்டியவன். அவனும் மனைவி நேடினும் போகிற லூத்தரன் தேவாலயத்தின் பின்பக்கம் இருந்த ஏசி இயந்திரத்தை யாரோ பிளந்து, செம்புக் குழாயை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். வெர்லின் ஞாயிற்றுக்கிழமை வேர்க்க விறுவிறுக்கப் பாடியவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கூலி இல்லாமல் சரிசெய்து தருகிறேன் என்று கருவிப்பெட்டியோடு அங்கே போனான். இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரீப்பின் ஆள் வந்து காலைப் பிடித்து இழுத்தான். திருட்டுப் போன இடம், கருவிப்பெட்டி, உள்ளே மனிதன். இதற்கு மேல் துப்புத் துலக்க அந்த ஆளுக்கு நேரமில்லை.

ஜாமீன் கட்ட வழியில்லாமல் வெர்லின் கவுண்டி சிறையில் இருந்தான். நேடினுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பக்கத்து ஊருக்கு அவளை வண்டியில் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டி வருவது வெர்லின்தான். அவன் உள்ளே போனதும் தேவாலயத்து ஆட்கள் முறைவைத்துக் கூட்டிப்போனார்கள். செம்பைத் திருடியவனின் மனைவியைக் கூட்டிப்போகிற முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு உள்ளூர் வக்கீல்களை முறைவைத்து நியமிப்பது எங்கள் கோர்ட் வழக்கம். அந்த மாதம் லைலின் முறை.

“என்ன வேணும் உனக்கு, வெர்லின்?” என்று கேட்டார் லைல். வேறு யாரும் கேட்டிராத கேள்விபோலக் கேட்பது அவர் பழக்கம்.

“விசாரணை வேணும் சார். பன்னெண்டு பேர் முன்னாடி நின்னு நான் எடுக்கலைன்னு சொல்லணும். அவங்க ஆமா நீ எடுக்கலைன்னு சொல்லணும். அப்புறம் தேவாலயத்துக்குப் போனா தலை நிமிந்து உக்காரலாம்.”

லைல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம். இதைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார். முப்பது வருஷமாக அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. மற்ற கட்சிக்காரர்கள் எல்லோரும் ‘எவ்வளவு சீக்கிரம் முடியும்?’ என்றுதான் கேட்பார்கள்.

அரசு வக்கீல் டேனர் பீல்ஸ் நல்ல பையன். அரசு வக்கீல் பதவிக்கு இங்கே தேர்தல் உண்டு, அதில் நின்று ஜெயித்தவன். தோற்ற வழக்கே இல்லை என்பது அவன் சுவரொட்டி. விசாரணை வேண்டும் என்று லைல் சொன்னதும் அவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

“லைல் சார், விளையாடாதீங்க. திருட்டை ஒத்துக்கச் சொல்லுங்க, ஒரு வருஷத்தோட விட்டுடறேன்.”

“ஒத்துக்கமாட்டான்.”

“சரி, அத்துமீறி நுழைஞ்சதுன்னு வெச்சுக்கலாம். மூணு மாசம். அதுவும் இல்லன்னா வழிபாட்டுத் தலத்தைக் களங்கப்படுத்தினது, கருவி வெச்சிருந்தது, பழைய வேகமீறல் எல்லாத்தையும் சேத்துடுவேன். பன்னெண்டு வருஷம் வரும்.”

“டேனர், சாட்சி யாராவது இருக்காங்களா?”

“சாட்சி இல்லாததாலதானே சார் இவ்வளவு குறைச்சுக் கேக்கறேன்!”

பேரம் வாரக்கணக்கில் நடந்தது. சாட்சி இல்லை என்பது உறுதியாக ஆக, ஒத்துக்கொள்ளாவிட்டால் வரும் என்று டேனர் காட்டிய தண்டனை ஏறிக்கொண்டே போனது, ஒத்துக்கொள்ள வேண்டிய குற்றமோ சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் டேனர் வேட்டைச் சட்டத்தைப் புரட்டி, பருவமில்லாத காலத்தில் வான்கோழி சுட்டது என்ற குற்றத்தைக் கண்டுபிடித்தான். அதற்கு ஜெயில் இல்லை. ஒத்துக்கொண்டால் அன்று மாலையே வீடு.

“எந்த வான்கோழி சார்?” என்றான் வெர்லின்.

“அது வெறும் பேருக்கு. நிஜமா ஒரு வான்கோழியும் இல்ல.”

“நான் செம்பு எடுத்தேன்னுதானே சொல்றாங்க? வான்கோழி பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே?”

“அதனாலதான் அதை ஒத்துக்கறது சுலபம்.”

வெர்லின் மாட்டேன் என்றான். அன்று சாயங்காலம் நேடினிடம் சிறைத் தொலைபேசியில் பேசினான். அந்த வாரம் அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஒரே ஒரு முறைதான் ஆள் வந்தது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்று சொல்லிவிட்டு, நீ கவலைப்படாதே என்றும் சொன்னாளாம். மறுநாள் காலை வெர்லின் வான்கோழிக்குச் சம்மதித்தான்.

குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு எங்கள் கோர்ட்டில் ஒரு சடங்கு உண்டு. நீதிபதி சில கேள்விகள் கேட்பார். கேள்வி எல்லா நாளும் ஒன்றே, பதிலும் ஒன்றே. கல்யாணத்தில் ‘சம்மதம்’ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கவுண்டி முழுக்கக் குடிகாரன் முதல் கஞ்சா விற்கிறவன்வரை எல்லோருக்கும் இது தெரியும். வெர்லின் முன்பின் கோர்ட்டுக்கே வராதவன். லைல் அவனுக்கு ஒத்திகை கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தேன் என்று சொன்னார். நான் நம்பவில்லை.

நீதிபதி கோர்டீலியா ஸ்ட்ரௌட் சத்தியப்பிரமாணம் செய்வித்துவிட்டு ஆரம்பித்தார். “மிஸ்டர் ஸ்ப்ரேக், இதை ஒத்துக்கறதுக்காக உங்களுக்கு யாராவது ஏதாவது வாக்குக் குடுத்தாங்களா?”

“ஆமாம்மா. ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போலாம்னு அந்த சார் சொன்னாரு.”

டேனர் கூரையைப் பார்த்தான். நீதிபதி, டேனர், லைல் மூன்று பேரும் காலையில் நீதிபதியின் அறையில் காபி குடித்துக்கொண்டே பேசி முடித்ததுதான் இது.

“சரியா புரிஞ்சுக்காம சொல்றீங்க. யாராவது மிரட்டினாங்களா?”

“ஒத்துக்கலைன்னா பன்னெண்டு வருஷம் உள்ள போடுவேன்னு அவரேதாம்மா சொன்னாரு.”

“அது மிரட்டல் இல்ல, மிஸ்டர் ஸ்ப்ரேக். அது தகவல். உங்க சொந்த விருப்பத்துலதானே ஒத்துக்கறீங்க?”

“என் சொந்த விருப்பம் வீட்டுக்குப் போறதும்மா. எம் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போகட்டும். வான்கோழியை எப்படிச் சுட்டீங்க, சொல்லுங்க.”

“எங்கிட்ட துப்பாக்கி கிடையாதும்மா.”

“மிஸ்டர் ஸ்ப்ரேக்! இது நீதிமன்றம். இங்க பொய்க்கு இடமே இல்ல. சத்தியம் பண்ணியிருக்கீங்க. ஒழுங்கா வான்கோழியைச் சுட்டேன்னு சொல்லுங்க!”

வெர்லின் லைலைப் பார்த்தான். லைல் குனிந்து காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். “சரிம்மா, சுட்டேன்” என்றான் வெர்லின்.

“எப்போ?”

“நீங்க என்னிக்குன்னு சொல்றீங்களோ அன்னிக்கு.”

“எங்க வெச்சு?”

“அது… செம்புல… மன்னிச்சிருங்கம்மா, எனக்கு வரலை.” அவன் அழ ஆரம்பித்துவிட்டான். அழுததை நான் தட்டவில்லை. அழுகைக்கு என் இயந்திரத்தில் விசை கிடையாது.

உண்மை பேசாத ஒருவரின் ஒப்புதலைத் தன் மனசாட்சி ஏற்காது என்று சொல்லி, நீதிபதி அதைத் தள்ளுபடி செய்து விசாரணைக்கு நாள் குறித்தார். லைல் வெளியே போகும்போது அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அதை மறைக்க அவர் எவ்வளவோ பாடுபட்டார். மறுபடி ஒத்திகை பார்த்து, மறுவாரமே வான்கோழியை முடித்திருக்கலாம். எத்தனையோ பேருக்கு அப்படி நடந்திருக்கிறது. லைல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தன் கருநீல சூட்டைச் சலவைக்குப் போட்டார். அதை முடிவுரைக்கென்றே வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தார்.

கோர்ட்டில் ஒரே அமளி. ஜூரிப் பெட்டிக்குள் கவுண்டியின் கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் அடைக்கப்பட்டிருந்தன. மூன்று ஞானிகளையும் பிளாஸ்டிக் ஆடுகளையும் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒட்டகம் மட்டும் கதவில் நுழையவில்லை. உள்ளே எப்படிப் போனது என்று யாருக்கும் நினைவில்லை. அதை ஓரமாகத் தள்ளி, மேலே கொடியைப் போர்த்தினார்கள். ஜூரி கலந்து பேசும் அறையில் காவலர் பாப் உடற்பயிற்சிக்கு நடைப்பொறி வைத்திருந்தார். அதை அப்புறப்படுத்தின கோபத்தில் அவர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

நேடின் பிப்ரவரியில் செத்துப்போனாள். வண்டி வராத ஒரு திங்கட்கிழமைக்கும் வண்டி வந்த ஒரு புதன்கிழமைக்கும் நடுவில்.

அடக்கத்துக்குப் போக அனுமதி கேட்டு லைல் மனுப் போட்டார். நீதிபதிக்கு மனமிரங்கியது. ஆனால் இறுதி ஆராதனை அதே லூத்தரன் தேவாலயத்தில். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் நடந்த இடத்தை நெருங்கக் கூடாது என்று தானே உத்தரவு போட்டிருப்பதால் தன் கை கட்டப்பட்டிருக்கிறது என்று வருந்தினார். ஆராதனையை வேறு இடத்தில் வைக்க முடியுமா என்று விசாரித்தார். நேடின் வேறு எங்கும் உறுப்பினர் இல்லை. அதனால் வெர்லின் சிறையிலேயே இருந்தான். சிறைப் பொறுப்பிலிருந்த கேப்டன் அவனுக்கு அன்று இரண்டு பழக்கிண்ணம் கொடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு வெர்லினுக்கு வீட்டுக்குப் போக அவசரமில்லை. டேனர் சிகரெட் துண்டைத் தரையில் போட்ட குற்றம்வரை இறங்கிவந்தான். “எனக்கு இனிமே என்ன சார் இருக்கு? அந்தப் பன்னெண்டு பேரைக் கூப்பிடுங்க. நான் எடுக்கலைன்னு சொல்லணும், அவ்வளவுதான்” என்றான் வெர்லின்.

விசாரணை நாள் வந்தது. கவுண்டியின் நாலா பக்கமிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். பால் பண்ணைக்காரர், முடி அலங்காரம் செய்கிற பெண், தபால்காரர், ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. காலை முழுக்கக் கேள்வி கேட்டுப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார்கள். இந்த வழக்கைப் பற்றி யாரோடும் பேசக் கூடாது, யார் பேசினாலும் காது கொடுக்கக் கூடாது, முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் திரும்பவே கூடாது என்று நீதிபதி அவர்களுக்கு உத்தரவிட்டார். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள்போல நிமிர்ந்து உட்கார்ந்து தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது பெருமையாக இருந்தது. லைல் கருநீலக் கோட்டின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். வெர்லின் கடன் வாங்கின கழுத்துப்பட்டையோடு, முதன்முறையாக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

அவர்களைச் சத்தியப்பிரமாணத்துக்கு எழுந்திருக்கச் சொன்னபோது டேனரும் எழுந்தான்.

“கனம் நீதிபதி அவர்களே, நீதியின் நலனை முன்னிட்டு அரசு இந்த வழக்கை வாபஸ் வாங்குது.”

“வாங்கக் கூடாது!” என்று கத்தினார் லைல்.

முப்பது வருஷத்தில் கட்சிக்காரர் விடுதலையாவதை எதிர்த்து எந்த வக்கீலும் கத்தியதை நான் தட்டியதில்லை. நீதிபதிக்கும் புதிது. “என்ன காரணத்துக்காக ஆட்சேபிக்கறீங்க, மிஸ்டர் ஹாக்கன்ஸ்மித்?”

லைல் யோசித்தார். காரணம் சட்டத்தில் இல்லை. உட்கார்ந்தார்.

வெர்லின் எழுந்தான். “அம்மா, அப்போ நான் எடுக்கலைன்னு யாரு சொல்லுவாங்க?”

“யாரும் சொல்லவேண்டியதில்ல. உங்க மேல வழக்கே இல்ல, மிஸ்டர் ஸ்ப்ரேக். நீங்க ஜெயிச்சுட்டீங்க.”

“எடுத்தேன்னு நீங்கதானேம்மா இத்தனை மாசம் சொன்னீங்க?”

“நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே. எடுத்திருக்கலாம்னுதான் சொன்னோம்” என்றார் நீதிபதி, மிகுந்த அன்போடு. பிறகு ஜூரியின் பக்கம் திரும்பினார். அந்த உரையை அவர் வருஷக்கணக்காகத் தயாராக வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். “சகோதர சகோதரிகளே, ஒண்ணுமே செய்யலையேன்னு நினைச்சுக்காதீங்க. நீங்க இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வெச்சதாலேயே நீதி கிடைச்சிருச்சு. நம்ம நாட்டு ஜூரி முறையோட மகத்துவமே இதுதான். அது நடக்கவே வேண்டியதில்ல. இருந்தாப் போதும். வாசல்ல சாண்ட்விச் வெச்சிருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க.”

பாப் வெர்லினின் கால்விலங்கைக் கழற்றினார். இனி கவுண்டியைப் பொறுத்தவரை அவன் யாரோ. கழற்றியதும் அவன் வாசலை நோக்கி ஓடினான். லைல் பின்னால் ஓடினார். நான் சாப்பாட்டு இடைவேளைக்காகப் பின்னால் போனேன்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் அந்தப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பன்றி இறைச்சி சாண்ட்விச்சோடு தங்கள் வண்டிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வெர்லின் இசை ஆசிரியையிடம் போனான். “அம்மா, ஒரு நிமிஷம், அந்தச் செம்புக் குழாயை நான்…”

அந்த அம்மாள் பதறிக் காதைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, நான் உங்ககூடப் பேசக் கூடாதுப்பா! நீதிபதி அம்மா சொல்லியிருக்காங்க!” வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். பால் பண்ணைக்காரரும் ஏற்றினார். தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேட்காமலிருக்கப் பாட்டுப் பாடினார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பேசக் கூடாது என்ற உத்தரவை நீதிபதி விலக்கிக்கொள்ளவில்லை. நான் பிறகு சரிபார்த்தேன், மறந்துவிட்டார்.

அப்போது படிக்கட்டின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. “ஜூரிப் பெருமக்களே!”

லைல் கருநீல சூட்டில் நின்றுகொண்டிருந்தார். பேச ஆரம்பித்தார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அற்புதமான பேச்சு. வேர்வையில் பாடும் தேவாலயம், கூலி கேட்காத மனிதன், வண்டிக்காக ஜன்னலோரம் காத்திருந்த மனைவி. நான் இத்தனை வருஷம் தட்டிய எந்தப் பேச்சும் அதன் கால்தூசிக்கு வராது. அன்று என் கையில் இயந்திரம் இல்லை. பேச்சு பாதி நடக்கும்போது பால் பண்ணைக்காரர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பிறகு முடி அலங்காரம் செய்கிற பெண். ஒவ்வொரு வண்டியாகப் பின்னுக்கு வந்து, திரும்பி, தெருவில் இறங்கியது. லைல் எந்த வார்த்தையையும் விழுங்கவில்லை. கடைசி வாக்கியத்தைக் கையை உயர்த்திச் சொல்லி முடித்தபோது நிறுத்துமிடம் காலியாக இருந்தது.

வெர்லின் படிக்கட்டுக்கு வந்தான். “நல்லா பேசினீங்க சார்.”

லைலுக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. “நிஜமாவா?”

“ஆமா சார். அப்போ நான் எடுக்கலைன்னு நீங்களாச்சும் நம்பறீங்க.”

லைல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“இத்தனை மாசத்துல நீங்க என்கிட்ட அதை ஒரு தடவகூடக் கேக்கலையே சார். எடுத்தியா இல்லையான்னு.”

“கேக்கமாட்டோம்ப்பா. எந்த வக்கீலும் கட்சிக்காரர்கிட்ட அதைக் கேக்கறதில்ல. தெரிஞ்சுட்டா வாதாடறது கஷ்டம்.”

“இப்பதான் வழக்கு முடிஞ்சிருச்சே. நானே சொல்லிடறேன். கேளுங்க சார்.” வெர்லின் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, லைலின் முகத்தை நேராகப் பார்த்தான். “அந்தச் செம்பை நான்…”

லைலின் கை சட்டென்று எழுந்து அவன் வாயைப் பொத்தியது. அவர் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

“எதுவும் சொல்லாதே, வெர்லின்” என்றார் தணிந்த குரலில். “சுத்தி ஆளுங்க இருக்காங்க.”

எங்கள் மூன்று பேரைத் தவிர அங்கே யாரும் இல்லை.